எந்த டூலு நல்ல டூலு? - கடைமடையும் மறுகாலும்

ரொம்ப நாளா டிராஃப்டுல கிடந்த பதிவு, இன்னைக்கு தூசி தட்டிப் போட்டாச்சு. கொஞ்சம் நீளம். சாயா போட்டு வெச்சுக்கிட்டு படிங்க :-)

கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் பத்துப் பேரு ஒண்ணா சேர்ந்தா முதல்ல வர்ற சண்டை எது தெரியுமா? என்ன செய்யப் போறோம்ங்கிறதுல சண்டை வராது. எதுல செய்யப் போறோம்ங்கிறதுலதான் வரும். ஒருத்தர் கிட்ஹப்னுவார். ஒருத்தர் கிட்ஹப் மைக்ரோசாஃப்ட்காரன் சொத்தாச்சே, கிட்லேப் போவோம்பார். மூணாவது ஆளு, "நம்ம சொந்த சர்வருல ரெட்மைன் போடுவோம், நான் பாத்துக்கிடுதேன்"னு மார் தட்டுவார். நாலாவது ஆளு அதுக்குள்ள ஒரு டெலிகிராம் குழு ஆரம்பிச்சு எல்லாரையும் உள்ள இழுத்துப் போட்டிருப்பார். கடைசில அந்த நாலாவது ஆளுதான் ஜெயிப்பார். மூணு மாசம் கழிச்சு யாரு என்ன வேலை எடுத்தா, எது முடிஞ்சது, எது முடியலன்னு ஒருத்தருக்கும் தெரியாது. குழுவுல காலை வணக்கம் மட்டும் தவறாம வரும்.

இதுல என்னோட கருத்து ரொம்ப சின்னது. ஒரு டூல்ல என்னென்ன வசதி இருக்குன்னு பாக்கவே வேண்டாம். ரெண்டு கேள்வி போதும். ஒண்ணு, கடைசி ஆள் வரைக்கும் இது போய்ச் சேருமா? ரெண்டு, நாளைக்கு இதை விட்டுட்டுப் போகணும்னா, செஞ்சதை எல்லாம் கையோட எடுத்துட்டுப் போக முடியுமா?

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதைப் புரியவைக்க கம்ப்யூட்டரே வேண்டாம். கன்னிப்பூ சாகுபடிக்கு பேச்சிப்பாறையைத் திறந்துவிட்டா, அணையில எத்தனை அடி தண்ணி நிக்குங்கிறதை விட, கடைமடை வயலுக்கு எப்ப வந்து சேரும்ங்கிறதுதான் எங்க ஊருல பேச்சு. தலைமடைக்காரனுக்கு எந்த வருஷமும் பயிர் விளையும். வாய்க்கால் ஒழுங்கா இருக்கா இல்லையான்னு கடைமடைக்காரன் வயலைப் பாத்தாதான் தெரியும். அதே மாதிரி ஒரு குளம்னு வெட்டினா மறுகால் இல்லாம வெட்ட மாட்டாங்க. நிறைஞ்சு போனா தண்ணி வெளிய போக ஒரு வழி வேணும். இல்லாட்டி ஒரு மழைக்கு கரை உடைஞ்சு குளமே போயிரும். (வெளியூர் ஆட்களுக்கு: மறுகால்னா கலிங்கு.)

டூலும் இதே கதைதான். கடைமடை இருக்கா, மறுகால் இருக்கா. முதல்ல மறுகாலைப் பாத்துருவோம். அங்கதான் நாம நிறைய இழந்திருக்கோம்.

யாஹூவோட போன கதை

பழைய ஆட்களுக்கு மரத்தடி, ராயர் காப்பி கிளப் எல்லாம் ஞாபகம் இருக்கும். எல்லாம் யாஹூ குழுமங்கள். லினக்ஸை தமிழ்ல கொண்டு வரணும்னு கிளம்பினவங்களும் அங்கதான் கூடினாங்க, தமிழினிக்ஸ்னு குழுமமே இருந்துது. கேடிஈ, க்னோம் இதெல்லாம் தமிழ்ல வர ஆரம்பிச்ச காலம். என்ன சொல்லுக்கு என்ன சொல் போடணும்னு அங்க நடந்த அடிதடி கொஞ்சநஞ்சமில்ல.

2019 அக்டோபர்ல யாஹூ ஒரு அறிவிப்பு விட்டுது. குழுமங்கள்ல இருக்குற பழைய மடல், கோப்பு, படம் எல்லாத்தையும் டிசம்பர் 14-க்கு அப்புறம் தூக்கிருவோம், வேணும்னா அதுக்கு முன்னாடி எடுத்துக்கிடுங்கன்னு. கூச்சல் போட்டதுல ஜனவரி கடைசி வரைக்கும் தவணை கிடைச்சுது. 2020 டிசம்பர் 15-ல குழும சேவையே மொத்தமா மூடியாச்சு. எடுத்து வெச்சவங்க வெச்சாங்க. ஆனா அதுக்குள்ள பல குழும நிர்வாகிகள் அந்தப் பக்கம் எட்டிப் பாத்தே வருஷக்கணக்காயிருந்துது. பாஸ்வேர்டு மறந்தவங்க, ஊர் மாறினவங்க, இறந்து போனவங்க. யாரு போய் எடுக்கது?

மடல் போனா என்ன, செஞ்ச மொழிபெயர்ப்பு மென்பொருள்ல இருக்குல்லான்னு கேக்கலாம். இருக்கு. ஆனா ஏன் அப்படி செஞ்சாங்கங்கிற காரணம் போயிட்டு. இன்னைக்கு ஒரு சின்னப் பையன் புதுசா மொழிபெயர்க்க வாறான்னு வைங்க. ஒரு மென்பொருள்ல கோப்புறைன்னு இருக்கு, இன்னொண்ணுல கோப்பகம்னு இருக்கு, வேறொண்ணுல அடைவுன்னு இருக்கு. எதை எடுக்கதுன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. இருபது வருஷத்துக்கு முன்னாடி யாரோ ரெண்டு பேரு ராத்திரி பூரா சண்டை போட்டு, காரண காரியத்தோட ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்க. சொல் தங்கியாச்சு, காரணம் தங்கல்ல. அதனால அதே சண்டையை நாம மறுபடியும் முதல்ல இருந்து போடுதோம். ஒவ்வொரு தலைமுறையும் போடும்.

தமிழ் மாதிரி ஒரு மொழியில சம்பளம் இல்லாம வேலை செய்ய வர்றவங்களே கொஞ்சப் பேரு. அவங்க நேரத்துல பாதி பழைய சண்டையிலேயே போனா புது வேலை எப்ப நடக்கும்? டூல் சமாச்சாரத்தை நான் பெரிசா எடுத்துக்கிடுததுக்குக் காரணம் இதாக்கும்.

ஓசியில வந்தது ஓசியிலேயே போகும்

யாஹூ மட்டும் இப்படின்னு நினைக்க வேண்டாம். ஒரு சின்ன பட்டியல் பாருங்க.

லினக்ஸ் கெர்னலே 2002-ல இருந்து பிட்கீப்பர்னு ஒரு தனியுரிம டூல்லதான் ஓடிச்சு. கட்டற்ற மென்பொருள் ஆட்களுக்கு இனாம்னு கம்பெனிக்காரர் கொடுத்திருந்தார். 2005-ல அந்த இனாமை நிறுத்திட்டார். உலகத்துலேயே பெரிய கட்டற்ற மென்பொருள் திட்டம் நடுரோட்டுல நின்னுது. லினஸ் டோர்வால்ட்ஸ் உக்காந்து சில வாரத்துல புதுசா ஒண்ணு எழுதினார். அதுதான் இன்னைக்கு நாம எல்லாரும் பாவிக்கிற கிட். நம்மகிட்ட ஒரு டோர்வால்ட்ஸ் இல்ல, அதனால நடுரோட்டுல நிக்காம பாத்துக்கிடணும் :-)

கூகிள் கோடுன்னு ஒண்ணு இருந்துது. கூகிள்காரனே நடத்துதான், போகவா போகுதுன்னு எல்லாரும் நிரல் கொண்டு போய் வெச்சாங்க. 2015 மார்ச்சுல மூடப் போறோம்னான், 2016 ஜனவரியில மூடிட்டான். கிட்டோரியஸ்னு ஒண்ணு, அதையும் 2015-ல கிட்லேப் வாங்கி மூடியாச்சு. ஒரு காலத்துல கட்டற்ற மென்பொருள்னாலே சோர்ஸ்ஃபோர்ஜ்தான். அங்கயும் 2015-ல கிம்ப்போட விண்டோஸ் நிறுவியில விளம்பரச் சரக்கைச் சேத்துக் கொடுத்து பெரிய பெகளம் ஆச்சு. (கை மாறின பிறகு 2016-ல அந்தப் பழக்கத்தை நிறுத்திட்டாங்க, அதையும் சொல்லிரணும்.)

ஸ்லாக் இலவசத் திட்டத்துல முதல்ல கடைசி 10,000 செய்தி தெரியும். 2022 செப்டம்பர்ல இருந்து கடைசி 90 நாள்னு ஆச்சு. 2024-ல இருந்து இலவசக் குழுக்கள்ல ஒரு வருஷத்துக்கு மேல பழசானதை அழிக்கவே ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க கடை, அவங்க விலை. தப்புன்னு சொல்ல முடியாது. நாம நம்ம ஆதாரத்தை அங்க வெச்சதுதான் கேள்வி.

கம்பெனி மட்டும் இல்ல, அரசாங்கமும் கதவைச் சாத்தும். 2014 டிசம்பர்ல இந்தியாவுல 32 தளங்களைத் தடுத்தாங்கல்லா, அதுல கிட்ஹப்பும் இருந்துது, ஆர்கைவ் தளமும் இருந்துது. பிறகு விட்டுட்டாங்க. 2023 மே மாசம் 14 செயலிகளைத் தடை பண்ணினாங்க, அதுல எலிமெண்ட்டும் பிரையரும் இருந்துது. ரெண்டுமே கட்டற்ற மென்பொருள். நல்ல கொள்கை இருந்தா மட்டும் போதாதுங்கிறதுக்கு இது ஒரு சாட்சி.

வீடு மாறத் தெரிஞ்சவங்க

சரி, எல்லாரும் இப்படி இழந்துகிட்டே இருக்காங்களான்னா, இல்ல. களியக்காவிளை தாண்டினா கேரளம். அங்க சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்னு ஒரு கூட்டம், 2002-ல ஆரம்பிச்சது. மீரா, ரச்சனா, மஞ்சரின்னு அவங்க பராமரிக்கிற எழுத்துரு எல்லாம் இன்னைக்கு மலையாளத்துல படிக்கிறவங்க கண்ணுல படாம இருக்காது. அவங்க நிரல் ஒரு காலத்துல குனூவோட சவன்னா தளத்துல இருந்துது, இப்ப கிட்லேப்ல இருக்கு. வீடு மாறினாலும் வேலை நிக்கல்ல.

2014-ல விக்கிமீடியா பக்சில்லாவுல இருந்து பேப்ரிகேட்டருக்கு மாறிச்சு. 2021-ல பேப்ரிகேட்டர் எழுதின கம்பெனி, இனி இதை நாங்க பாக்க மாட்டோம்னு கையை விரிச்சுட்டு. வேற எவனா இருந்தாலும் தலையில துண்டுதான். ஆனா அது கட்டற்ற மென்பொருள். நிரல் கையில இருந்ததால பயனர்களே சேந்து ஃபோர்ஜ்னு பேரு வெச்சு தொடர்ந்து பாத்துக்கிடுதாங்க. விக்கிமீடியாவோட வழுப்பட்டியல் இன்னைக்கும் அங்கதான் ஓடுது.

இதே 2021 மே மாசம், ஃப்ரீநோடுன்னு இருந்த ஐஆர்சி வலையமைப்புல நிர்வாகத் தகராறு. நடத்திக்கிட்டிருந்த தன்னார்வலர்கள் மொத்தமா வெளிய வந்து லிபெரான்னு புதுசா ஒண்ணு தொடங்கினாங்க. கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் ஒண்ணொண்ணா பின்னால வந்துது. பயன்படுத்துறவன் முக்கியமா மாத்த வேண்டியிருந்தது சர்வர் முகவரியைத்தான், ஏன்னா ஐஆர்சிங்கிறது யாருக்கும் சொந்தமில்லாத நெறிமுறை. இதைத்தான் நான் மறுகால்னு சொல்லுதேன்.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, கவனிச்சுக்கிடுங்க. கிட் பாவிச்சா நிரலோட முழு வரலாறும் ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டர்லயும் இருக்கும், அதனால கிட்ஹப் மூடினாலும் கவலையில்லன்னு பலபேரு நினைக்காங்க. பாதிதான் உண்மை. நிரல் வரும். ஆனா அந்தத் தளத்துல நீங்க எழுதின இஷ்யூ, அதுக்குக் கீழ நடந்த வாதம், இதை ஏன் ஏத்துக்கிட்டோம் அதை ஏன் தள்ளினோம்ங்கிற பேச்சு, இது எதுவும் கிட் நகலோட வராது. அதைத் தனியா ஏற்றுமதி பண்ணணும். யாஹூவுல நாம இழந்தது எதுவோ, சரியா அதே சாமான்தான் இங்கயும் தொங்கிக்கிட்டு நிக்கு.

அதுக்கு நான் சொல்லுற வழி ரொம்ப சாதாரணமானது. குழுவா ஒரு முடிவு எடுத்தா, அதை நாலு வரியில ஒரு சாதா உரைக் கோப்பா எழுதி, நிரலோடேயே அதே களஞ்சியத்துக்குள்ள போட்டுருங்க. தேதி, என்ன முடிவு, என்ன காரணம், எதை வேண்டாம்னோம். நாலே வரி. "அடைவு வேண்டாம், கோப்புறை போதும், ஏன்னா இன்னது"ன்னு. களஞ்சியத்தை எங்க கொண்டு போனாலும் காரணம் கூடவே வரும். எந்த டூல் செத்தாலும் இது சாகாது. காசும் இல்ல.

கடைமடை ஆள் யாரு?

இப்ப ரெண்டாவது சங்கதி. டூல் தேர்வு செய்யுத கூட்டத்துல உக்காந்திருக்கிறவன் பூரா தலைமடைக்காரன். கம்ப்யூட்டர் படிச்சவன், ஆபீசுல ஜிராவுல ஆணி புடுங்குறவன். அவனுக்கு எந்த டூலும் பிரச்சினை இல்ல. ஆனா தமிழ்ல கட்டற்ற வேலைங்கிறது நிரல் எழுதுறது மட்டும் இல்லையே. மெய்ப்பு பாக்கணும், சொல் தேடணும், குரல் பதிவு பண்ணணும், மொழிபெயர்க்கணும். இந்த வேலையைச் செய்யுற தெறம் உள்ளவங்க பலபேரு ரிடையர் ஆன வாத்தியார்கள், வீட்டுல இருக்குற பெண்கள், ஒரு போனை மட்டும் வெச்சிருக்கிற காலேஜ் பிள்ளைங்க.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தமிழ் வாத்தியார், சுசீந்திரம் பக்கம். ஒற்றுப்பிழையை பத்தடி தூரத்துல இருந்தே கண்டுபிடிப்பாரு. மெய்ப்பு பாக்க வாங்க சார்னு ஒரு குழு கூப்பிட்டுது, சந்தோஷமா வந்தாரு. முதல்ல கணக்கு தொடங்கச் சொன்னாங்க. பிறகு ரெண்டு படி சரிபார்ப்பு. பிறகு இங்கிலீஷ்ல ஒரு பலகை, அதுல அட்டையை இங்க இருந்து அங்க இழுக்கணுமாம். அவரு எங்கிட்ட சொன்னது இதுதான்: "தம்பி, பாடத்தைத் திருத்த எனக்குத் தெரியும். இந்தப் பெட்டியைத் திறக்கத்தான் தெரியல்ல கேட்டியா. நீ ஒரு காரியம் செய்யி, அச்செடுத்துக் குடு, நான் சிவப்பு மையில திருத்தித் தாறேன்." குழு அச்செடுத்துக் கொடுக்கல்ல. அவரும் பிறகு வரல்ல. நஷ்டம் அவருக்கா, தமிழுக்கா?

மதுரைத் திட்டத்தைப் பாருங்க. 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சது, சுவிட்சர்லாந்துல இருந்து முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைச்சார். உலகம் பூரா சிதறிக் கிடந்த தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு பண்ணி அனுப்பினாங்க, வேற ஒருத்தர் மெய்ப்பு பாத்தாங்க. பெரிய டூல் ஒண்ணும் கிடையாது, மின்னஞ்சல்தான். எல்லார்கிட்டயும் இருந்தது அதுதான், அதனால எல்லாராலயும் சேர முடிஞ்சுது. பிறகு, ஒரு நூலைப் பக்கம் பக்கமா பிரிச்சுக் கொடுத்து பலபேரு மெய்ப்பு பாக்குற ஏற்பாடும் வந்துது. வேலைக்குத் தக்கன டூல் வளந்துது. டூலுக்குத் தக்கன ஆளைத் தேடல்ல.

இன்னொரு நல்ல உதாரணம் தமிழ் விக்கிமூலம். அங்க ஒரு பக்கம் வேலை எந்த நிலையில இருக்குன்னு தெரிய தனியா ஒரு பலகையே வேண்டாம். பக்கத்துலேயே நிறம் இருக்கு. சிவப்புன்னா இன்னும் மெய்ப்பு பாக்கல்ல. மஞ்சள்னா ஒருத்தர் பாத்தாச்சு. பச்சைன்னா இன்னொருத்தரும் சரிபாத்தாச்சு. ஊதான்னா ஏதோ சிக்கல். சாம்பல்னா எழுத்தே இல்லாத வெத்துப் பக்கம். மஞ்சளாக்கின ஆளே அதைப் பச்சையாக்க முடியாது, வேற ஆளுதான் ஆக்கணும். அவ்வளவுதான் மொத்த திட்ட மேலாண்மையும். ஒரு நூலைத் திறந்தா எத்தனை பக்கம் பாக்கின்னு நிறத்தைப் பாத்தே சொல்லிரலாம். இடைமுகம் தமிழ்ல இருக்கு. என்ன வேணும் இதுக்கு மேல? லட்ச ரூபாய் மென்பொருள்ல இதை விட நல்ல யோசனை இருக்கான்னு எனக்கு சந்தேகம்தான்.

கடைமடைன்னா ஆள் மட்டும் இல்ல, ஊரும்தான். 2017 நவம்பர் 30, ஒக்கி எங்க மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நாள். கடலுக்குப் போன எத்தனையோ பேரு திரும்பி வரல்ல. அந்தத் துக்கத்துக்கு முன்னாடி டூல் பேச்செல்லாம் தூசு. ஆனாலும் ஒரு சங்கதி அப்ப புரிஞ்சுது. கரண்டு நாள் கணக்கில் இல்ல, டவர் இல்ல. எப்பவும் இணையத்துல ஒட்டிக்கிட்டே இருந்தாதான் வேலை செய்யும்ங்கிற டூல் எல்லாம் அந்த மாதிரி நாள்ல சும்மா. கிட் அப்படி இல்ல, மின்னஞ்சலும் அப்படி இல்ல. எழுதி வெச்சுட்டு, லைன் வந்த பிறகு அனுப்பிக்கிடலாம். மலையோரத்துல, கடலோரத்துல இருந்து வேலை செய்யுற ஆளுக்கு, புயல் இல்லாத நாள்லயும் இந்த வித்தியாசம் பெரிசு.

டெலிகிராம், வாட்ஸப் - தேவையா இல்லையா?

தேவை. ஆள் சேக்க அதை விட்டா வேற வழியில்ல. வாத்தியார் வாட்ஸப்புலதான் இருக்காரு, அங்க போய்த்தான் அவரைக் கூப்பிடணும். ஆனா அது சாயாக்கடை. சாயாக்கடையில என்னவும் பேசலாம், பத்திரம் எழுதி அங்க வெச்சுட்டு வர முடியாது. நேத்து பேசினது இன்னைக்கு ஐநூறு செய்திக்கு அடியில போயிருக்கும். புதுசா வந்தவனுக்கு பழைய பேச்சு லேசுல கிடைக்காது. கூகிள்ல தேடினா அகப்படாது.

இன்னொண்ணு, நாம ஆம்பளைங்க யோசிக்கவே மாட்டோம். முன்பின் தெரியாத இருநூறு பேரு இருக்குற குழுவுக்கு போன் நம்பரோட வரணும்னா பல பெண்கள் தயங்குதாங்க. தயங்குறது நியாயம்தானே? அப்ப அந்தக் குழு மட்டும்தான் ஒரே வாசல்னு வெச்சா பாதிப் பேரை வாசல்லயே நிறுத்துறோம்னு அர்த்தம். வாசல் ரெண்டு வேணும். ஒண்ணாவது போன் நம்பர் கேக்காததா இருக்கணும், மின்னஞ்சல் போதும்.

விதி ஒண்ணுதான்: பேச்சு எங்க வேணும்னாலும் நடக்கட்டும், முடிவு ஒரே இடத்துல எழுதியிருக்கணும். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஜிட்சியில கூடிப் பேசுறாங்க, யாரு வேணும்னாலும் கணக்கே இல்லாம உள்ள வரலாம். கணியம் அறக்கட்டளை, செய்ய வேண்டிய திட்டங்களை கிட்ஹப்ல இஷ்யூவா ஒண்ணொண்ணா எழுதிப் பொதுவுல வெச்சிருக்காங்க. என்ன வேலை கிடக்குன்னு யாரையும் கேக்காமலேயே ஒரு புது ஆளு பாத்துக்கிடலாம். ரெண்டுமே நல்ல பழக்கம்.

சொந்த சர்வர் போடலாமா?

போடலாம், ரெண்டு பேரு சாவி வெச்சிருந்தா. ஒரே ஆளு உற்சாகமா போடுவாரு. அவருக்குக் கல்யாணம் ஆகும், வேலை மாறும், பிள்ளை பிறக்கும். அப்டேட் போட ஆள் இருக்காது. ஒரு நாள் டொமைனுக்குக் காசு கட்ட மறந்துபோகும், அந்தப் பேரை எவனோ சூதாட்டக் கம்பெனிக்காரன் வாங்கிருவான். தமிழ் இணையத்துல இப்படிப் போன தளங்களுக்கு நினைவாஞ்சலி எழுதவே தனிப் பதிவு வேணும். அதனால சர்வரோ டொமைனோ கிட்ஹப் நிர்வாகி கணக்கோ, எதுன்னாலும் குறைஞ்சது மூணு பேருகிட்ட சாவி இருக்கணும். மூணு பேரும் ஒரே ஊர்ல, ஒரே ஆபீசுல இல்லாம இருந்தா இன்னும் விசேஷம்.

அப்படி ஆள் இல்லன்னா கோட்பெர்க் மாதிரி இடத்துக்குப் போகலாம். பெர்லின்ல பதிவு பண்ணின லாப நோக்கமில்லாத சங்கம், ஃபோர்ஜியோங்கிற கட்டற்ற மென்பொருள்ல ஓடுது. நாளைக்கு அது வேண்டாம்னாலும் அதே மென்பொருளை நாமளே ஓட்டிக்கிடலாம்.

"கிட்ஹப் பாவிக்கிறது கொள்கைக்கு விரோதம் இல்லையா?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். என் பதில்: கொள்கைப்படி பாத்தா ஆமா, கிட்ஹப்போட நிரல் திறந்தது இல்ல. ஆனா புதுசா நிரல் எழுத வர்ற தமிழ்ப் பிள்ளைங்க பெரும்பாலும் அங்கதான் இருக்காங்க, அவங்களை முதல் நாளே வேற வாசலுக்கு அனுப்பினா பாதிப்பேரு வர மாட்டாங்க. அங்கேயே வைங்க, ஆனா கோட்பெர்க்லயோ கிட்லேப்லயோ ஒரு நகல் தானா போய்ச் சேருற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க. க்னோம் 2018-ல, கேடிஈ 2020-ல, ரெண்டும் அவங்க சொந்த கிட்லேப்புக்கு மாறிச்சு. அவங்களுக்கு அதைப் பாத்துக்கிட ஆள் இருக்கு. நம்ம பத்துப் பேருல எட்டுப் பேரை சர்வர் காவலுக்கு நிறுத்திட்டு ரெண்டு பேரை வெச்சு தமிழ் வேலை செய்ய முடியாது.

மொழிபெயர்ப்புல நமக்குத் தேர்வே கிடையாதுங்கிறதையும் மறக்கக் கூடாது. லிப்ரெஓஃபீஸ்னா வெப்லேட், ஃபயர்ஃபாக்ஸ்னா பொண்டூன், மீடியாவிக்கின்னா டிரான்ஸ்லேட்விக்கி, க்னோம்னா டேம்ட் லைஸ் (பேரே அதாக்கும், நான் வெச்சதில்ல). அவங்கவங்க வீட்டு வாசல் வழியாத்தான் போகணும். அப்ப நாம பொதுவா வெச்சுக்கிட வேண்டியது டூல் இல்ல, சொற்பட்டியலும் அதுக்கான காரணமும். அது ஒரு இடத்துல, எல்லாரும் எடுத்துக்கிட முடியுற மாதிரி ஒரு சாதா கோப்புல இருந்தா, நாலு வாசல்லயும் ஒரே தமிழ் உள்ள போகும்.

பத்துப் பேரு குழுவுக்கு நான் சொல்லுறது

- நிரல், சொற்பட்டியல், முடிவுக் கோப்பு மூணும் ஒரே கிட் களஞ்சியத்துல. வேற இடத்துல ஒரு நகல்.
- செய்ய வேண்டிய வேலை, அதே தளத்துல இருக்குற இஷ்யூ பட்டியல்ல. தனியா ட்ரெல்லோ அது இதுன்னு வேண்டாம். தலைப்பு தமிழ்ல இருக்கட்டும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏற்றுமதி.
- மெய்ப்பு வேலைன்னா விக்கிமூலம். புதுசா ஒண்ணும் கட்ட வேண்டாம்.
- பேச, ஜனங்க எங்க இருக்காங்களோ அங்க. கூடவே போன் நம்பர் கேக்காத இன்னொரு வாசல்.
- அச்செடுத்து சிவப்பு மையில திருத்துற வாத்தியாருக்கு ஒரு துணை ஆளு. அவரு திருத்தினதை இவரு ஏத்தணும். இது கேவலம் இல்ல, இதுவும் டூல்தான்.
- வாரம் ஒருத்தர் முறை வெச்சு, பேசினதுல எது முடிவுன்னு எழுதணும்.

இந்தக் கடைசி ஐட்டம்தான் ரொம்ப முக்கியம். தண்ணிக்கு முறை வெச்சு மடை திறக்க ஆள் இல்லன்னா எந்த வாய்க்காலும் சும்மா கிடக்கும். எந்த டூலும் தானா எழுதிக்கிடாது.

மத்த ஊர்க்காரங்க, குறிப்பா ஈழத்துல, சிங்கப்பூர் மலேசியாவுல, இது மாதிரி கூட்டு வேலை செய்யுறவங்க, உங்க பக்கம் எது ஓடுது எது ஓடலன்னு எழுதுங்க மக்கா. எழுதுறதை எங்க எழுதினாலும் ஒரு நகல் எடுத்து வெச்சுக்கிடுங்க :-)

டிஸ்கி: இதுல பேரு சொன்ன எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு சாயா கூட வாங்கித் தரல்ல.